முப்பது பவுண்டு காகிதம்

உத்திரமேரூர் கடைத்தெருவில் என் கணவர் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். கிலோ வராத காலம். ஒரு ரீம், அதாவது ஐநூறு தாள், எத்தனை பவுண்டு என்பதை வைத்துத்தான் காகிதத்தின் கனத்தைச் சொல்வார்கள்.

சேரியிலிருந்து கூலிக்காரர் ஒருவர் வந்தார். தான் வேலை செய்யும் பண்ணை வீட்டின் கல்யாணப் பத்திரிகையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"எம் பொண்ணுக்கும் இதே கெட்டியில வேணுங்க. எங்க தெருவுல இதான் மொத பத்திரிகை."

அதை அடித்த அச்சகத்தில் விசாரித்தபோது முப்பது பவுண்டு என்றார்கள். கணவரும் முப்பது பவுண்டு வாங்கிவந்தார். கூலிக்காரர் இரண்டையும் விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது லேசா கீதுங்களே."

"அதே முப்பதுதான்யா" என்றார் கணவர்.

"நீங்க சொன்னா சரிங்க" என்று தலையை ஆட்டினார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எடையில்தான் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து, வரிந்து கட்டிக்கொண்டு காகிதக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் எங்களுக்குத் தந்த அதே தாளில் ஒரு ரீம் கட்டை எடுத்துத் தராசில் ஏற்றினார். குன்றிமணி பிசகாமல் முப்பது. எனக்கு அசடு வழிந்தது. ஆனாலும் கிளம்ப மனமில்லை. எடை சரி, தாள் மட்டும் எப்படி மெலிந்தது?

பக்கத்தில் இன்னொரு கட்டு இருந்தது. அதுவும் முப்பதுதான் என்றார். தொட்டேன், கெட்டியாக இருந்தது. இரண்டிலும் ஒவ்வொரு தாளை உருவி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். கெட்டித்தாள் சின்னது, எங்களுடையது நாலு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதே மாவை அகலமாகத் தேய்த்தால் அப்பளம் மெலியத்தானே செய்யும்! அளவைக் கேட்காமல் பவுண்டை மட்டும் கேட்டுவந்த என் கணவரை நினைத்து அங்கேயே சிரித்துவிட்டேன். வாங்கியதை மாற்றிக்கொண்டு வீடு வரும்வரை எனக்கு ஒரே சந்தோஷம். வழியில் தெரிந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னேன்.

பத்திரிகை தயாரானது. கூலிக்காரர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இப்ப சரியா கீதுமா. இது பண்ணை ஆண்டை வூட்டுக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"கையில வாங்கிக்குவாங்களாம்மா? இல்ல, கீய தரையில வெச்சிட்டுப் போன்னுடுவாங்களா?"

காகிதத்தைப் பற்றி வேறு எதைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.