மூன்றாவது ஊசிக்கு வராதவர்கள்

எங்கள் வகுப்பில் டாக்டர் வீட்டுப் பிள்ளை நான் ஒருத்திதான். அப்பாவின் அக்கா எங்களோடு சாந்தோமில் ஒரே வீட்டில் இருந்தார். ஓர் அரசு மருத்துவமனையில் டாக்டர். வகுப்பில் யாருக்காவது முழங்கால் சிராய்த்தால் நான்தான் போய்ப் பார்த்து, தையல் தேவையில்லை என்று சொல்வேன். மறுத்துப் பேச ஆளில்லை. நான்காம் வகுப்பு பாதி முடிந்தபோது அந்தப் பதவி என் கையைவிட்டுப் போய்விட்டது. போனதற்குக் காரணம் ஒரு நாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அத்தையும் நானும் கடற்கரைச் சாலைக்கு மீன் வாங்கப் போனோம். சங்கரா மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்த அத்தை, பேச்சை நிறுத்திவிட்டு மீன்காரம்மாவின் காலைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே பல் பதிந்த தழும்பு இருந்தது.

"நாய்க்கடின்னு எங்கிட்டதானே வந்தே? ரெண்டு ஊசி போட்டே. மூணாவதுக்கு ஏம்மா வரல?"

"ஆறிப்பூச்சு டாக்டரம்மா. வலியே இல்ல."

"புண்ணு ஆறினா போதாது. உள்ள போன கிருமிக்குத்தான் ஊசி. முழுசா போட்டாத்தான் உயிருக்கு உத்தரவாதம். ஏன் வரல, அதைச் சொல்லு."

மீன்காரம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "பன்னெண்டு மணிக்குள்ள வரணும்றாங்க. அந்த நேரத்துலதான் இங்க யாவாரம் நடந்துகினு கீது. மீனை யார்கிட்ட வுட்டுட்டு வர்றது? ஒருநாளு சாயங்காலம் வந்தேன். ரூம்பு பூட்டிக்கீது. நாயி இன்னா, டைம் பாத்தா கடிச்சுது?"

நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. "நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு வா. ரூம் திறந்திருக்கும்" என்றார்.

சொன்னபடியே மறுநாள் பணிநேரம் முடிந்த பிறகும் இருந்து, ஊசி அறையைத் தானே திறந்து போட்டுவிட்டார். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் வீட்டில் நினைத்தோம். ஆனால் அந்த வாரக் கடைசியில், ஊசி அறைப் பதிவேட்டிலிருந்து பெயர்களைத் தேதி, முகவரியோடு எழுதிக்கொண்டு வந்தார். நான் பெயரை வாசிக்க வேண்டும். அடுத்தடுத்த தேதிகளில் அதே பெயர் இருக்கிறதா என்று அவர் தேடுவார். இல்லையென்றால் நான் அந்தப் பெயரைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடலாம். அதைப் போல ஒரு விளையாட்டு எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. "இன்னொண்ணு அத்தை, இன்னொண்ணு" என்று துள்ளிக்கொண்டிருந்தேன். அத்தை மட்டும் ஏன் உற்சாகம் குறைந்துகொண்டே போகிறார் என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டம் போட்ட ஆட்களைத் தேடிக்கொண்டு போனோம். மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் சமையல் செய்யும் ஒரு அம்மா, தி. நகர் பின்தெருவில் ஒரு தையல்காரர், அடையாறில் ஒரு கொத்தனார். யாருக்கும் ஊசி என்றால் பயமில்லை. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: காலையில் வேலையை விட்டுவிட்டு வர முடியாது. எனக்கு அலுத்துவிட்டது. ஒரே பதிலைக் கேட்பதற்கு எத்தனை பஸ் ஏறுவது? அத்தை ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

கடைசியாகப் போனது கே.கே. நகரில் ஓர் ஆட்டோ டிரைவர் வீடு. அவருடைய மனைவி கதவைத் திறந்தார். அத்தை பெயரைச் சொன்னதும், "அவரு இல்லீங்க" என்றார்.

சவாரிக்குப் போயிருக்கிறார் என்று நினைத்து நான் கேட்டேன்: "எப்ப வருவாரு?"

அத்தையின் கை என் தோளை அழுத்திப் பிடித்தது. அந்த அம்மா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அத்தையிடம்தான் சொன்னார்: "ரெண்டு ஊசி போட்டுக்கினாரு. காலைல ஸ்கூல் சவாரி. ஒருநாளு போவலன்னா வேற ஆட்டோ வெச்சுக்குவாங்கன்னு பயம். அப்புறம் போய்க்கலாம்னு வுட்டுட்டாரு. கடைசியா தண்ணி டம்ளரைக் கண்டாலே நடுங்குனாரு."

அத்தை அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசலோரம் சும்மா நின்ற அவருடைய ஆட்டோவின் ஹாரனை நான் ஒருமுறை அமுக்கிப் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "தண்ணியப் பார்த்து ஏன் பயந்தாரு அத்தை?" எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்கிறவர், நோட்டை எடுத்து அந்த டிரைவரின் பெயருக்கு நேரே 'காலையில் ஸ்கூல் சவாரி' என்று மட்டும் எழுதினார்.

அதற்குப் பிறகு தினமும் மாலையில் ஊசி அறையைத் திறந்து வைத்தார். விஷயம் பரவி, வேலை முடிந்தவர்கள் வரத் தொடங்கினார்கள். சில வாரங்களில் மேலதிகாரி கூப்பிட்டு, உத்தரவு இல்லாமல் அறையைத் திறக்கக் கூடாது, ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று நிறுத்திவிட்டார்.

அன்று சாப்பிடும்போது அத்தை சொன்னார். "அவர் சொல்றதும் சரிதான். நான் லீவு போட்டா அந்த ரூமைப் பூட்டிடுவாங்க. தேனாம்பேட்டை ஆபீஸுக்கு வரச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க இல்ல? வரேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் உத்தரவு எழுதி அனுப்பும் ஆபீஸ்; இரண்டு முறை வேண்டாம் என்று அத்தை மறுத்த வேலை அது. அப்பா சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்தார். "இத்தனை வருஷம் வைத்தியம் பார்த்துட்டு, இனிமே ஃபைல் பார்க்கப் போறியா அக்கா? அங்க போனவங்க யாரு திரும்பி வந்து ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டிருக்காங்க?"

"எனக்கும் அந்தப் பயம் இருக்குடா" என்றார் அத்தை. "ஒரு வாரமா சரியா தூங்கல."

"அப்ப நீங்க டாக்டர் இல்லையா?" என்று கேட்டேன். அம்மா எனக்கு அவசரமாக இன்னொரு துண்டு மீன் வைத்தார். பள்ளியில் எப்படியோ தெரிந்துவிட்டது. அடுத்த முறை ஒருத்திக்கு முழங்காலில் அடிபட்டபோது, யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அரைப்பரீட்சை விடுமுறையில் ஒருநாள் அத்தை என்னை அந்த ஆபீஸுக்கு அழைத்துப் போனார். கட்டில் இல்லை, ஸ்பிரிட் வாசனை இல்லை, இருமுகிறவர்கள்கூட இல்லை. ஜன்னல் உயரத்துக்குக் கோப்புகள். எனக்கு ஒரு போண்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் தயாரித்த ஓர் உத்தரவின் தட்டச்சுத் தாளை நீட்டினார்.

"இதைப் படி. எத்தனை மணி வரைக்கும் ஊசி போடுவாங்கன்னு தெரியுதா?"

எண்ணெய் படாமல் பிடித்துக்கொண்டு படித்தேன். நாய்க்கடித் தடுப்பூசி பொதுமக்களுக்கு உரிய நேரத்தில் கிடைக்க ஆவன செய்ய வேண்டும் என்று இருந்தது. மறுபடியும் படித்தேன். "மணியே போடலையே. உரிய நேரம்னா எத்தனை மணி?"

அத்தை பேனாவை எடுத்து அந்த இரண்டு வார்த்தைகளை அடித்துவிட்டு, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, ஞாயிறு உட்பட, என்று எழுதினார். "மேல படி. வேற எது புரியல?" போதிய பணியாளர் என்றால் எத்தனை பேர் என்று கேட்டேன். அதையும் அடித்தார். போண்டா தீர்வதற்குள் அந்தத் தாள் முழுக்க மை.

அந்த உத்தரவு மூன்று முறை திரும்பி வந்து, நான் ஆறாம் வகுப்புக்குப் போன பிறகுதான் கையெழுத்தானது. அத்தை பின்னாளில் மாநிலத்தின் மருத்துவக் கொள்கையை வகுக்கும் குழுவுக்கே தலைவரானார். ஸ்டெதஸ்கோப்பை அவர் திரும்பத் தொடவில்லை. அந்த விஷயத்தில் அப்பா சொன்னதுதான் நடந்தது.

ஆனால் அன்று அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத் தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டேன்.

"பாவம்மா அத்தை. அவங்களுக்கு அந்த வேலை வரல. ஒரு பக்கத்துல எத்தனை தப்பு தெரியுமா?"

"உனக்கு யாருடி சொன்னா?"

"யாரு சொல்லணும்? எல்லாத் தப்பையும் நான்தான் கண்டுபிடிச்சுக் குடுத்தேன்."