சத்தம் கேக்காத செவுரு

மச்சான் எங்கக்காளை அடிச்சாருன்னு கேள்விப்பட்டதும் ராஜபாளையத்துல பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போயி, அவரு சட்டையைக் கொத்தாப் புடிச்சவன் நான்.

பொய்யி. மச்சான் டீ வாங்கிக் குடுத்தாரு, குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன். நான் போறதுக்குள்ள தெருவே வேலையை முடிச்சிருச்சு. அக்கா தலையை விரிச்சுப்போட்டு வெளிய வந்து மண்ணை வாரித் தூத்தியிருக்கா. பொம்பளைக அம்புட்டுப் பேரும் கூடி, "ஏலே, இப்ப கையை ஓங்கிப் பாருலே!"ன்னு நின்னிருக்காக. மச்சான் கக்கூசுக்குள்ள போயிக் கொண்டி போட்டுக்கிட்டாராம்.

எங்க பக்கம் அடி விழுந்தா பொம்பள தெருவுக்கு வந்துரும். அதனால சத்தம் கேட்டா சண்டை, கேக்கலைன்னா சந்தோசம். படிக்காதவன் கணக்கு.

நான் பேண்டேஜ் கம்பெனியில துணி மடிக்கிற ஆளு. லைன் வீட்டுல ஒத்தையா இருக்கேன். இந்த ஆயுசுல கட்டுனது கைலி ஒண்ணுதான். பக்கத்துப் போர்சனுக்கு வடக்கத்திப் புருசன் பொண்டாட்டி குடிவந்தாக. அவரு மில்லு வேலை. நடுவுல ஒரு செவுருதான். அங்கன குக்கர் விசிலடிச்சா, எனக்குத்தான் சோறு வேகுதுன்னு நெனச்சுக்கிட்டு பாயில கெடப்பேன். ஒருநாளும் சண்டைச் சத்தம் வந்ததில்ல. "வடக்கத்தியானைப் பாத்துப் படிங்கலே, பொண்டாட்டியைப் பூவா வச்சிருக்கான்"னு டீக்கடையெல்லாம் சொல்லித் திரிஞ்சேன்.

போன மாசம் அந்தப் பிள்ளை என் வாசல்ல வந்து நின்னுச்சு. மூக்கு வரைக்கும் முக்காடு.

"அண்ணா, துணி... கட்டுறது..."

கம்பெனியில கழிச்சுப்போட்ட பேண்டேஜ் துண்டு கெடந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். "என்னம்மா, அருவாமனை கடிச்சிருச்சா?"ன்னேன். வாங்கும்போது முக்காடு வெலகுச்சு. புருவத்துக்கு மேல பொளந்திருந்துச்சு.

நாங்க மடிக்கிற பேண்டேஜ் கப்பலேறி எந்தெந்த நாட்டுக்கோ போகுது. அங்கனயும் ஒருத்தி சத்தமில்லாம சுத்திக்கிடுவாளோ என்னமோ.

"அடிச்சா தெருவுக்கு வந்து கத்தும்மா"ன்னேன். புரியல. நானே எறங்கி, இல்லாத முடியை விரிச்சு, மண்ணை வாரித் தூத்தி நடிச்சுக் காட்டுனேன். மண்ணு விழுந்தது என் கண்ணுலதான். சிரிச்சுச்சு. பொறவு தெரிஞ்ச தமிழுல தட்டுத் தடுமாறிச் சொன்னுச்சு: "எங்க ஊர்ல பொண்ணு தெருவுல வந்து கத்துனா, திரும்ப உள்ள விடமாட்டாங்க. அம்மா வீட்லயும் விடமாட்டாங்க."

எங்கக்காளை உள்ள விட்டாகதான். அதே வீடு, அதே மச்சான். தெரு கலைஞ்சு சாப்பிடப் போயிருச்சு, நான் பஸ் ஏறிட்டேன்.

அன்னைக்கே அக்காளுக்குப் போன் போட்டு அந்தப் பிள்ளை கதையைச் சொன்னேன். "அதை இங்க அனுப்புலே. நீ வராத, டீ குடிக்கத்தான் லாயக்கு"ன்னா. அந்தப் பிள்ளைகிட்ட, "உள்ள விடாட்டிப் போகட்டும், எங்கக்கா வீடு இருக்கு"ன்னு சொல்லிவச்சேன். முக்காடை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு உள்ள போயிருச்சு.

இப்பல்லாம் செவுரு அமைதியா இருந்தாத்தான் எனக்குப் பதறுது. ஒருநாள் டம்ளரைக் கவுத்தி வச்சு ஒட்டுக்கேட்டேன். அப்பப் பாத்து அந்தப் பிள்ளை புருசன் என் கதவைத் தொறந்து...

செத்த இருங்க. தெருவுல யாரோ "அண்ணா, அண்ணா"ன்னு கூப்பிடுதாக. அந்தப் பிள்ளை கொரலுதான். முக்காடில்லாம நடுத்தெருவுல நிக்குது.

வாரேம்மா, வாரேன்.