தெற்கே கதவு வேண்டாம் என்றார்கள்

பெரியவளே, சின்னவனே, வீட்டில் தெலுங்கிலேயே பதில் சொல்லிப் பழகிவிட்டீர்கள். இதைப் படிக்க வரவில்லை என்றால் அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தான் வாந்தி எடுத்து ஸ்கூலில் படுத்திருந்த அன்று அப்பா ஏன் அவ்வளவு தாமதமாக வந்தார் என்று சின்னவன் இன்னும் கேட்கிறான். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மல்காஜ்கிரியில் நம் ஆபீஸ் முன்பு ஒரே நீள அறை. கிழக்குக் கோடியில் ஷட்டர், மேற்குக் கோடியில் ஒரு கதவு. தெற்கே வராண்டாவைப் பார்த்த பக்கம் முழுக்க அலுமினியச் சட்டத்தில் பொருத்திய பிளைவுட் பலகை. உங்கள் மாமா அங்கே வீட்டுமனை வியாபாரம் செய்தார். நான் ஒரு மூலையில் மேஜை போட்டுக்கொண்டு, தண்ணீர் ஃபில்டர் சர்வீஸுக்கு வரும் போன்களை எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத் தகவல் நிலையம் நடத்தும் ஓர் அம்மா இடம் கேட்டு வந்ததும், மாமா அறையை மூன்றாகத் தடுக்க முடிவு செய்தார்.

கார்பெண்டர் தரையில் சாக்பீஸால் கோடு போட்டபோது மாமா சொன்னார்: “மாப்ளே, நடு ரூம் உனக்கு.”

“சரி மச்சான். கதவு வராண்டா பக்கம்தானே?”

“தெற்கயா? உன் ராசிக்குத் தெற்கு வாசல் ஆகவே ஆகாதாம். வாஸ்துக்காரர் அடிச்சுச் சொல்லிட்டார். கிழக்கால வச்சுக்க.”

“கிழக்கால அந்தம்மா ரூம் இருக்கே.”

“அதுக்குள்ள பூந்து போயிட்டு வாயேன். உன்னைத் தேடி எவன் வரப்போறான்? எல்லாம் போன்தானே.”

கார்பெண்டர் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஜெயிலில்கூடக் கதவு வராண்டாவைப் பார்த்துத்தான் இருக்கும் என்றாராம். மாமாவும் சிரித்தார், நானும் சிரித்தேன். சம்பள வேலை போய் நின்றவனை அங்கே உட்கார வைத்தவர் அவர். உங்கள் அம்மாவின் அண்ணன் வேறு.

ஏசி குளிர் வீணாகக் கூடாது என்று மாமா தன் பக்கத்துத் தடுப்பைக் கதவே வைக்காமல் கூரை வரைக்கும் ஏற்றிவிட்டார். எனக்கு ஜன்னலும் இல்லை. டீ குடிக்கப் போக வேண்டுமென்றாலும் அந்தம்மாவின் அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டு, இருமிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். பெண் வீட்டார் அழுதுகொண்டிருந்தால் உள்ளேயே இருந்துவிடுவேன். யாருக்கு எத்தனை வயதாகியும் வரன் அமையவில்லை, எந்தப் பையனுக்கு முடி கொட்டிவிட்டது, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஃபில்டர் விளம்பரக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிந்தால் அங்கேயே வெற்றிலை பாக்குத் தட்டை மாற்ற வைத்துவிடுவார். வீட்டுக்குப் போனால் மனசு மாறிவிடுமாம். அன்றும் தட்டு மாற்றத் தயாராக இருந்தார்கள். மாமா தன் அறையைப் பூட்டிக்கொண்டு சைட் காட்டப் போயிருந்தார். அப்போதுதான் ஸ்கூலிலிருந்து போன் வந்தது. உங்கள் அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

இருமினேன். கதவை விரல் அளவு திறந்து, அந்தம்மா வழக்கம்போல இந்த ஊர் இந்தியைக் கலந்து சொன்னார்:

“நக்கோ அண்ணா, இப்ப வராதீங்க! நல்ல நேரம் ஓடிட்டிருக்கு. ஒத்தை ஆம்பளை குறுக்க போனா பொண்ணு வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க.”

“என் பையனுக்கு வாந்திங்க. கூட்டிட்டு வரணும்.”

“ஹவ், புரியுது. கொஞ்சம் பொறுங்க.”

கதவு மூடிக்கொண்டது. தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். யாரோ ஒரு பெண்ணின் கல்யாணம் என்னால் நின்று போனால்? கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றேன். உன் முகம்தான் கண்ணுக்குள் நின்றது, சின்னவனே. மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை இருமவில்லை, கதவைத் தட்டினேன்.

“உள்ள யாரும்மா? ஆளை அடைச்சு வச்சிருக்கியா?” என்று ஒரு பெரியவரின் குரல் கேட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா. அந்தம்மா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

“ஒத்தையா போனாத்தானே தப்பு? ஜோடியா போனா?” என்றவர், நேரே என் அறைக்குள் வந்து என் கையைப் பிடித்தார். “வாங்க தம்பி, ரெண்டு பேராப் போவோம்.”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கைகோத்தபடி குறுக்கே நடந்தோம். யாரோ சிரித்தார்கள். பெண்ணின் அம்மா, “பிள்ளைக்குச் சீக்கிரம் சரியாயிடும், போங்க” என்றார்.

வெளியே வந்ததும் பெரியவர் கேட்டார்: “ஏன் தம்பி, உங்களுக்கு வேற வழியே விடலையா?”

“தெற்கு ஆகாதாம் ஐயா.”

“என் வீடே தெற்கு வாசல்தான். பேரப்பிள்ளைங்க அதுலதான் ஓடித் திரியுதுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் ஸ்கூலுக்கு வந்து சேர்ந்தபோது நீ அங்கே வேலை செய்யும் ஆயாவின் மடியில் தூங்கிவிட்டிருந்தாய்.

அன்று சாயங்காலமே மாமாவிடம் பேச்செடுத்தேன். “மச்சான், தெற்கால ஒரு சின்னக் கதவு…”

“இப்பத்தான் தடுப்பு வேலை முடிஞ்சிருக்கு மாப்ளே. உடனே பிரிச்சா ஆகாது. தை மாசம் பார்ப்போம்.”

தை வந்து போனது. அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர் பார்ட்ஸ் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன். கட்டடத்தில் ஆள் இல்லை. என் மேஜைக்குப் பின்னால், தெற்குப் பக்கத்துப் பலகையின் திருகுகளைக் கழற்றினேன். பலகையை நகர்த்தி வைத்துவிட்டுக் குனிந்து வராண்டாவுக்கு வந்தேன். வெயிலில் சற்று நின்றேன். மறுபடி உள்ளே போய்ப் பலகையைப் பழையபடி பொருத்தி, திருகுகளை ஸ்க்ரூடிரைவரால் முடுக்காமல் விரலால் மட்டும் திருகி வைத்தேன்.