எண்ணெய் தடவிய குரோட்டன்ஸ்

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் நான் அறிவியல் வாத்தியார். சிமெண்டு லாரிகள் ஓயாமல் ஓடும் சாலை அது. இலை என்றால் பச்சை என்பது மழைக்காலத்தில்தான் எங்களுக்கு நினைவு வரும்.

எங்கள் தலைமையாசிரியர் திருச்சியிலிருந்து குரோட்டன்ஸ் தொட்டிகள் வாங்கிவந்து ஆபீஸ் வாசலில் வரிசையாக வைத்திருந்தார். பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படிக் கொஞ்சியிருக்க மாட்டார். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது பள்ளிக்கூடத்து ஆயாவின் வேலை. தற்காலிக வேலைதான், அந்த வருடம் நிரந்தரமாக்க எழுதிப்போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆயா அதை நம்பிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் இலைகளில் அப்பியிருந்த புழுதியைப் பார்த்து எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் சொந்த யோசனை, வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. எல்லோரும் போனபிறகு தேங்காயெண்ணெயைத் துணியில் நனைத்து இலை இலையாகத் துடைத்தேன். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை நான், அதனால் அடிப்பக்கத்தையும் விடவில்லை. மறுநாள் அதிகாரி செடிகளைப் பார்த்துப் பாராட்டினார். எண்ணெய் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாளில் இலைகள் பழுத்துக் கொட்டத் தொடங்கின. காரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளமாக இருக்கின்றன, அவற்றின் வழியாகத்தான் செடி கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு பிராணவாயுவையும் நீராவியையும் வெளியே விடுகிறது என்று ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தியவனே நான்தானே! துளைகளை அடைத்தால் என்ன ஆகும் என்று ஒரு செம்பருத்திக் கிளையின் இலைகளில் வாஸ்லின் தடவிச் செய்தும் காட்டியிருந்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

தலைமையாசிரியர் ஆயாவைக் கூப்பிட்டார்.

"தண்ணி ஊத்தாம கொன்னுட்டியேம்மா!"

"காலைல நாலு கொடம், சாயந்தரம் நாலு கொடம் ஊத்துறேங்க சார். சயின்ஸ் சாரக் கேளுங்க, அவங்கதான் தெனம் பாத்துக்கிட்டே போறாங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் தெனமும் கவனிக்கலீங்க சார்" என்றேன்.

பார்க்கவில்லை என்றால் பொய். கவனிக்கவில்லை என்றால் பொய்யில்லையாம். அந்த நேரத்திலும் வார்த்தையைத் தேடி எடுத்த என் சாமர்த்தியத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. மறுவாரம் ஆயாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வருடம் பாடாலூரில் என் பஸ் நின்றபோது வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஜன்னலோரம் வந்தவர் அந்த ஆயாதான். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. நல்லா இருக்கீங்களா சார் என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சார், நீங்க படிச்சவங்க. ஒருவேள நாந்தான் தண்ணிய அதிகமா ஊத்திட்டனா? அதான் செத்துப்போச்சா?"

டிரைவர் இன்னும் ஏறவில்லை. உண்மையைச் சொல்லப் போதுமான நேரம் இருந்தது.

"இருக்கலாம் ஆயா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "தெரியாம பண்ணிட்டேன்னு பெரிய சாருகிட்ட சொல்லிருங்க" என்றார்.