அப்பா கழற்றிய ஆறு விளக்குகள்

"அஞ்சாவது படிக்கிற புள்ளைக்கு இந்தப் பெட்டியில இருக்கிற இங்கிலீசு என்னண்ணே புரியும்? இப்படிக் குடு, நான் பாத்துச் சொல்றேன்" என்றார் எலக்ட்ரிகல் கடைக்காரர்.

அப்பா கொடுக்கவில்லை. "எம்பொண்ணு சொல்லும்" என்று பெட்டியை என் கையில் வைத்தார்.

அப்பா வயரிங் வேலை செய்பவர். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் பன்னிரண்டு அறைகளுக்கும் விளக்கு மாற்ற வேண்டியிருந்தது. எல்லாம் ஃபால்ஸ் சீலிங்குக்குள் பதித்த வட்ட விளக்குகள். முதலில் ஓர் அறை. சீலிங்கில் கீறல் விழாமல் முடித்தால் மீதி பதினொன்றும் அப்பாவுக்கு என்று விடுதிக்கார அம்மா சொல்லியிருந்தார். அந்த வேலை அமைந்துவிட்டால் அப்பா மஸ்கட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று எங்கள் வீட்டில் பேச்சு.

அப்பா எங்கே போனாலும் என்னைப் படிக்கச் சொல்வார். பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கரண்ட் ஆபீஸ் கடிதம், எதுவானாலும் "படி பாப்போம்" என்பார். படித்து முடித்ததும் சரிதான் என்பதுபோலத் தலையாட்டுவார். எங்கள் டீச்சரைவிடக் கண்டிப்பான பரீட்சை அது என்று நினைத்திருந்தேன். ஒருமுறைகூட நான் தோற்றதில்லை.

"சீலிங்குல ஓட்டை அஞ்சு இன்ச்சு. அதுக்கு இது சரியா வருமா, பாரு" என்றார்.

பெட்டியில் நான்கு என்று ஓர் அளவும் ஐந்து என்று ஓர் அளவும் இருந்தன. ஒன்று துளைக்கு, மற்றது விளக்கின் வெளிவிளிம்புக்கு. எது எதற்கு என்று சொல்லும் ஆங்கில வார்த்தைகள் எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்துதான் பெரிய எழுத்தில் இருந்தது.

"ஓட்டை அஞ்சு இன்ச்சுதாம்பா."

அப்பா கடைக்காரரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் வேறு எந்த முகத்திலும் இதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமையும்கூட; பள்ளிக்கூடம் இல்லை. அப்பா கழற்றித் தரும் விளக்குகளைக் கையில் வாங்கி அடுக்க நானும் போனேன். அப்பா மெயினை அணைத்தார். ஸ்டூலில் ஏறியதும் விளக்கை இழுக்கவில்லை. விளிம்போடு பெயிண்ட் ஒட்டியிருந்ததால் பிளேடால் சுற்றிலும் மெல்லக் கீறினார். அப்படியே இழுத்திருந்தால் பெயிண்ட் தோலாக உரிந்திருக்கும். பிறகு இரண்டு பக்கமும் விரல் நுழைத்து, நேர் கீழாகக் கொஞ்சம் இறக்கி, உள்ளே விரிந்திருந்த ஸ்பிரிங்குகளை மேல்நோக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டே வெளியே எடுத்தார். விட்டால் எலிப்பொறி மாதிரி அறைந்து சீலிங் விளிம்பைப் பெயர்த்துவிடும். அந்த அறையின் ஆறு விளக்குகளையும் இப்படியே கழற்ற ஒரு மணி நேரம் ஆனது. எனக்குக் கொட்டாவி வந்தது.

புது விளக்கை மேலே ஏற்றினார். அது துளை வழியாகவே திரும்பி அவர் உள்ளங்கையில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. ஐந்து இன்ச் என்பது விளிம்பின் அளவு.

விடுதிக்கார அம்மா வந்து மேலே பார்த்தார். "ஏங்க, சாயந்திரம் கிரிவலத்துக்கு ஆள் வர்றாங்க. ஆறு ஓட்டையைக் காட்டி நான் வாடகை கேக்கட்டுமா? பெட்டியில போட்டிருக்கிறதைப் படிச்சிட்டு வாங்க மாட்டீங்களா?"

"படிச்சேங்க. நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்" என்றார் அப்பா.

எனக்கு முகம் சுட்டது. படித்தது நான். தப்பாக இருந்தாலும் அது என் படிப்பு. என் கண்ணெதிரிலேயே அதைத் தன்னுடையது என்று சொல்கிறாரே என்றுதான் கோபம் வந்தது.

அப்பா பழைய விளக்குகளையே ஒவ்வொன்றாக மறுபடி பொருத்தினார். சீலிங்கில் ஒரு கீறல் இல்லை. "அடுத்த வாரம் சொல்லி அனுப்புறேன்" என்றார் அந்த அம்மா. அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

வீடு வரைக்கும் வண்டியில் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்து வந்தேன். அம்மாவிடம் புகார் சொன்னேன்.

"அப்பா பொய் சொல்றாரும்மா. பெட்டியைப் படிச்சது நானு. தான் படிச்சேன்னு சொல்லிட்டாரு."

"உங்கப்பாவா? படிச்சாராமா?" என்று அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது, அழ என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சில மாதம் கழித்துப் பாஸ்போர்ட் தாளில் அப்பா பெருவிரலை மையில் உருட்டி வைத்தபோதும் விளங்கவில்லை. கையெழுத்தைவிட அது அழகாக இருக்கிறது என்று சொன்னேன்.

அப்பா மஸ்கட் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வருவார். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் முடித்து இந்த ஊரிலேயே வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் போன முதல் ஆள் நான்தான். ஏணியின் மேல் நின்று பெட்டியைத் திருப்பி அளவு பார்க்கும்போதெல்லாம், கீழிருந்து ஒரு குரல் "படி பாப்போம்" என்று கேட்காதா என்றிருக்கும். கேட்க ஆளில்லாமல் மனசுக்குள் படித்துக்கொள்கிறேன்.

வேங்கிக்காலில் கட்டும் புது வீடு ஒன்றின் மொத்த வயரிங்கையும் போன மாதம் நானே பொறுப்பெடுத்துக்கொண்டேன். நேற்று மஸ்கட்டிலிருந்து சென்னைக்கு அப்பா பெயரில் டிக்கெட் போட்டேன். திரும்பிப் போவதற்குப் போடவில்லை.