அன்னமுன்னா தின்னத் தெரிந்த கிளி

கிளி விடுதி நடத்துபவருக்கு முதலில் வேண்டியது கிளிகளைப் பற்றிய அறிவு அன்று. கிளியின் உடைமையாளர் பேசிக்கொண்டிருக்கும்போது முகத்தை அசையாமல் வைத்திருக்கும் பயிற்சி. நெடுங்காலம் பெண்பிள்ளைகளுக்கு விலங்கியல் கற்பித்தமையால் அந்தப் பயிற்சி எனக்கு ஓரளவு கைவந்திருந்தது. ஓய்வு பெற்ற பின்னர், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் என் வீட்டின் பின் விறாந்தையில், கனடாவுக்கும் இலண்டனுக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களின் கிளிகளை வைத்துப் பராமரித்து வருகிறேன். பக்கத்து வீட்டில் பல்கலைக்கழக மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். என் வீட்டில் கிளிகள் இருக்கின்றன. சாப்பாட்டைக் குறை சொல்வதில் இரு தரப்பினருக்கும் வேறுபாடில்லை.

கிளி வளர்த்து விரலில் தழும்பு பெற்றவர்களே இதை வாசிக்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். தழும்பில்லாதவர்களுக்கு எல்லாவற்றையும் அடியிலிருந்து விளக்க இப்போது எனக்குத் தெம்பில்லை. பவளம் என்ற ஒரு கிளிக்கு வீடு தேடி அலுத்த சங்கதியை மட்டும் சொல்கிறேன்.

மறைத்து வைத்த பெட்டி

பவளத்தின் உடைமையாளர் கோண்டாவிலைச் சேர்ந்த யோகேஸ்வரி. கணவரை இழந்தவர், பிள்ளைகள் எல்லோரும் ரொறன்ரோவில். ஆண்டுதோறும் அங்கே போய்வருவார். போகும் காலம் வந்ததும், மிளகாய்த்தூளும் ஒடியலும் பருத்தித்துறை வடையும் அடைத்த பெட்டியைத் தராசில் ஏற்றி நிறை பார்ப்பார். அன்றிலிருந்து பவளம் தன் நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கத் தொடங்கும். இதைக் கண்டு அவர் பெட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக் கட்டினார். ஆனால் தராசைக் கிளியின் முன்னாலேயே தூக்கிக்கொண்டு போனார். கடைசியாகப் போய்வந்தபோது கிளியின் தோல் புண்ணாகிச் சீழ் பிடித்துவிட்டது. இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்று மிருக வைத்தியர் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

இம்முறை வரவிருப்பதோ நிரந்தர விசா. தை மாதம் போனால் திரும்பி வரப்போவதில்லை. மருத்துவப் பரிசோதனைக்காகக் கொழும்புக்குப் போகும் வழியில் கிளியை என்னிடம் கொண்டுவந்தவர், அதை நான் கடைசிவரை வைத்திருக்க வேண்டும் என்றார். நான் எழுபதைக் கடந்தவள். நன்றாகப் பார்த்தால் கிளி இன்னும் பல ஆண்டுகள் இருக்கும். சிறிய கழித்தல் கணக்குத்தான், மறுத்துவிட்டேன். தைக்கு முன் தகுந்த ஒரு வீடு கண்டுபிடித்துத் தருவதாகவும், அதுவரை தராசைக்கூட அதன் கண்ணில் காட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் என்னை ஐயத்தோடு பார்த்தார். “அதுக்கு ஒண்டும் விளங்காது, ரீச்சர். நான் ஒரு நாளும் சொல்லிப்போட்டுப் பெட்டி கட்டிறேல்லை. பின்னை எப்பிடி அதுக்குத் தெரியும்?”

கழுத்து ஆரம்

ஒரு கிளியைப் பொறுப்பெடுக்கும்போது அலகு முதல் வால் வரை பார்ப்பது என் வழக்கம். “பொம்பிளைப் பிள்ளை, ரீச்சர், கொஞ்சம் கவனமாப் பிடியுங்கோ” என்று யோகேஸ்வரி எச்சரித்தார். பவளத்தின் கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் இளஞ்சிவப்புமாக அழகான ஆரம் இருந்தது. பச்சைக்கிளிகளில் பெட்டைக்கு அந்த ஆரம் வராது. வளர்ந்த சேவலுக்கு மட்டுமே வரும் என்று விளக்கினேன்.

யோகேஸ்வரி கதிரையில் அமர்ந்தார். சிறிது நேரம் கிளியைப் பார்த்தார். கிளியும் தலையைச் சரித்து அவரைப் பார்த்தது. பிறகு சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு சொன்னார்: “ஐயோ ரீச்சர், இவ்வளவு வருசமும் நான் உவனுக்கு முன்னாலை நிண்டெல்லோ உடுப்பு மாத்தினனான்!”

தனி வகுப்பு

பவளத்துக்கு வீடு தேடுவதாக நாலு பேருக்குச் சொல்லிவைத்தேன். முதலில் வந்தவர் தம் வீட்டு வாசற்படலையின் பச்சைக்குக் கிளியின் பச்சை பொருந்துமா என்று பார்த்தார். பொருந்தவில்லை என்று போனார். அவர் தம்மை அறியாமல் ஒரு கிளியைக் காப்பாற்றினார். அடுத்து வந்தவர் ஒரு வங்கி உத்தியோகத்தர். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்து, எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வியையே கேட்டார்: “கதைக்குமோ?”

கதைக்காது என்றேன். ஆனால், பால்காரரின் சைக்கிளுக்கும் மீன்காரரின் சைக்கிளுக்கும் வேறுபாடு தெரியும். நான் கண்ணாடி போட்டிருந்தால் சாப்பாடு கேட்கும், போடாதிருந்தால் கேட்காது, ஏனெனில் கண்ணாடி இல்லாமல் நான் பழம் வெட்டமாட்டேன் என்பது அதற்குத் தெரியும் என்று எடுத்துச் சொன்னேன். மனிதரைப் போலச் சத்தமிடுவது ஒரு திறமை மாத்திரமே, அதை அறிவின் அளவாகக் கொள்ளக் கூடாது என்றும் சொன்னேன். அவர் பெற்றோர் தினக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தகப்பனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். தம் அயல்வீட்டுக் கிளி ‘வணக்கம்’ சொல்கிறதாம், ‘யார் அது?’ என்றும் கேட்கிறதாம். கடைசியில் குரலைத் தாழ்த்தினார். “இப்ப கதைக்காட்டிலும் பரவாயில்லை, ரீச்சர். தனி வகுப்புக்கு விட்டால் வாற வருசத்துக்கிடையிலை மற்றக் கிளியை எட்டிப் பிடிச்சிடுமோ?”

பூட்டும் திறப்பும்

மூன்றாவதாக ஒருவரும் வரவில்லை. கார்த்திகையும் பிறந்துவிட்டது. கொழும்பிலிருந்து திரும்பிய யோகேஸ்வரி நாள் தவறாமல் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். பவளமோ தன் பொழுதைப் படிப்பில் செலவிட்டது. கூட்டின் கொளுக்கியை நான் கழற்றுவதைப் பார்த்துத் தானே கழற்றப் பழகியது. கம்பியால் கட்டினேன், கம்பியின் முறுக்கைப் பொறுமையாகப் பிரித்தது. வெளியே வந்தும் பறந்து போகவில்லை. பக்கத்துக் கூட்டிலிருந்த கிளியின் கொளுக்கியையும் கழற்றிவிட்டு, அதன் கொய்யாப்பழத்தைத் தின்றது.

ஈற்றில் சிறிய பூட்டொன்று வாங்கிப் போட்டேன். மறுநாளே திறப்பைத் தொலைத்துவிட்டு, கிளிக்குச் சாப்பாடு வைக்க வழியின்றி வீடு முழுவதும் தேடினேன். கூட்டித் துடைக்க வரும் மகேஸ்வரி பத்து நிமிடம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து அதை எடுத்து நீட்டினாள். “உது கள்ளனில்லை, ரீச்சர், நல்ல கெட்டிக்காரப் பிள்ளை. மறதி முழுக்க உங்கடை பக்கம்தான்.”

விதைகள்

ஒரு நாள் சந்தையில் நல்ல அன்னமுன்னாப்பழம், அதாவது சீத்தாப்பழம், கண்டு வாங்கிவந்தேன். கிளிகளுக்கு அதைக் கொடுக்கும்போது விதைகளை நீக்கிவிடுவேன், விதை நஞ்சு. எதைக் கண்டாலும் உடைத்துப் பார்ப்பதுதான் கிளியின் இயல்பு. அன்று நான் விதை நீக்க உட்காருமுன், தோளிலிருந்த பவளம் இறங்கி வந்து ஒரு துண்டைக் காலால் தூக்கிக்கொண்டது. பறிக்க எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அது வெள்ளைச் சதையை மட்டும் உரித்துத் தின்றது. விதைகளை ஒன்றையும் உடைக்காமல் மேசையின் ஓரத்தில் வரிசையாக வைத்தது. முடிந்ததும் என்னிடம் வந்து, அலகை நீட்டி, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு காத்து நின்றது. எதற்கென்று எனக்கு உடனே விளங்கவில்லை. ஈரத்துணியால் அலகைத் துடைத்துவிட்டேன். அதைத்தான் கேட்டது, துடைத்ததும் திருப்தியாகத் திரும்பிப் போனது.

இது ஒரு நாளில் வரும் பழக்கம் அன்று. யாரோ ஒருவர் பல பருவகாலங்களாகப் பக்கத்தில் இருந்து, விதையை உடைக்கவிடாமல் பழக்கி, முடிவில் அலகும் துடைத்துவிட்டிருக்கிறார். அந்தக் கை யாருடையது என்று தெரிந்தால் பவளத்துக்கு வீடும் தெரிந்துவிடும். யோகேஸ்வரிக்குத் தொலைபேசி எடுத்தேன். தாம் ஒரு நாளும் அன்னமுன்னா கொடுத்ததில்லை என்றார். பகலில் கூட்டை வேலியோரத்து மாங்கொப்பில் தூக்கிவிட்டுத் தாம் மத்தியானம் படுப்பது வழக்கம் என்றார். அந்த மரத்துக்குப் பக்கத்தில் வேலியில் ஏதும் பொட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, கிடுகு உக்கி ஒரு கை நுழையுமளவுக்கு என்றார். வளவில் அன்னமுன்னா மரம் உண்டா என்று கேட்டேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் குரல் வந்தது: “எங்கடை வளவிலை இல்லை, ரீச்சர். உந்த வேலிக்கு அங்காலை நிக்குது. ஆனால் அந்த ஆளிட்டை என்ரை பிள்ளையைக் குடுக்கிறதெண்டால், நான் கனடாவுக்கே போகேல்லை!”

வேலிக்கு இரு பக்கமும்

‘அந்த ஆள்’ கனகசபை; மனைவியை இழந்து தனித்து வாழும் வெங்காயத் தோட்டக்காரர். வேலிக் கதியால்களை மாற்றிய ஆண்டில் ஒரு முழம் உள்ளே வந்துவிட்டார் என்பது யோகேஸ்வரியின் வழக்கு. இருவரும் இணக்க சபைக்குப் போய், இணங்காமலே திரும்பியவர்கள். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. நான் ஒரு சனிக்கிழமை காலை இருவரையும் ஒரே நேரத்துக்கு என் வீட்டுக்கு வரச் சொன்னேன். ஒருவர் வருவதை மற்றவருக்குச் சொல்லவில்லை. இந்த வயதில் எனக்கு இரண்டு முறை பஞ்சாயத்துச் செய்யச் சக்தி கிடையாது.

யோகேஸ்வரி முன்னறையில் அமர்ந்திருந்தார். கனகசபை படலையைத் திறந்து, வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார். பின் விறாந்தையிலிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று கேட்டது. இத்தனை வாரங்களில் பவளத்திடமிருந்து நான் கேட்டறியாத ஓசை. யோகேஸ்வரியும் கேட்டறியாதது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

இருவரையும் கூட்டின் முன் நிறுத்தினேன். இரண்டு முழ இடைவெளியில் நின்றுகொண்டு இருவரும் என்னிடமே பேசினார்கள்.

“நான் உந்தக் கிளிக்கு ஒண்டும் குடுக்கேல்லையெண்டு அவவிட்டைச் சொல்லுங்கோ, ரீச்சர்.” கையிலிருந்த பையில் பழங்கள் முட்டிக்கொண்டு தெரிந்தன.

“களவாக் குடுத்தவரெண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ.”

“களவென்ன களவு? பொட்டு என்ரை பக்கத்திலைதான் கிடக்குது.”

“பொட்டு ஆற்றை பக்கமெண்டு உவருக்கு எப்பிடித் தெரியும்? வேலியே பிழையான இடத்திலை நிக்குது!”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ” என்றேன், வகுப்பறைக் குரலில். “வேலி கிடக்கட்டும். அதைப் பாருங்கோ.”

பவளம் கம்பியோடு ஒட்டி நின்றது. கருமணி சுருங்கியும் விரிந்தும் துடித்தது. கிளி மகிழ்ச்சியில் தன்னை மறந்தால் கண் அப்படித்தான் ஆகும். நான் கூட்டைத் திறந்தேன். அது கனகசபையின் கையில் ஏறியது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்த அவர் ஒரு பழத்தைப் பிட்டுக் கொடுத்தார். சதை தின்றது, விதைகள் ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வந்து சேர்ந்தன. அலகு நீண்டது. அவர் யோசிக்காமலே சால்வைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

யோகேஸ்வரி அந்தச் சால்வைத் தலைப்பைப் பார்த்தபடி நின்றார். அதில் பழைய கறைகள் நிறைய இருந்தன. மூக்கை உறிஞ்சினார். பிறகு, வேலி மாற்றிய நாளுக்குப் பின் முதன்முறையாக, அவருக்கு நேரே திரும்பிப் பேசினார்: “பாண் குடுக்காதேங்கோ, கனகசபை அண்ணை. அவனுக்குச் செமிக்காது.”

தொலைபேசியின் பின்புறம்

அதன் பின் கூடு பகலில் கனகசபையின் வளவிலும், இரவில் யோகேஸ்வரி வீட்டிலுமாக இருந்தது. பெட்டியை ஒளிக்க வேண்டாம் என்றும், கனகசபையின் தோளில் கிளி இருக்கும்போதே கட்ட வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். போகிறவர் களவாகப் போனால் மட்டுமே அது தேடும். இருப்பவர் யார் என்று கண்ணால் கண்டுவிட்டால் அமைதி கொள்ளும் என்பது என் கணிப்பு. கணிப்பு முழுதும் சரியன்று. யோகேஸ்வரி தை மாதம் போனபின் சில இறகுகளைப் பிடுங்கத்தான் செய்தது. புண்ணாகுமுன் நிறுத்திக்கொண்டது.

பங்குனியில் முச்சக்கரவண்டி பிடித்துப் பார்க்கப் போனேன். நெஞ்சில் புது இறகு நிறைந்திருந்தது. கனகசபைதான் மெலிந்திருந்தார். யோகேஸ்வரி ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் வீடியோ அழைப்பு எடுத்துக் கிளியோடு கதைக்க வேண்டும் என்கிறாராம். அங்கே அது இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். தொடக்கத்தில், குரல் கேட்டவுடன் பவளம் நடந்து போய்த் தொலைபேசியின் பின்புறத்தை எட்டிப் பார்க்குமாம். இல்லையென்று கண்டு மறுபடி முன்னால் வருமாம். அதைக் கேட்டு யோகேஸ்வரிக்கு ஒரே அழுகையாம், ஒரே சந்தோசமாம். கனகசபை இதைச் சொல்லிவிட்டுக் கிளியின் அலகை ஒரு முறை துடைத்தார். “இப்ப ஒரு கிழமையாப் பின்னாலை போய்ப் பாக்கிறேல்லை, ரீச்சர். அவ கேட்டால், ஓம், பாக்கிறானெண்டுதான் சொல்லுறனான்.”

இத்தனை கிளிகளின் அறிவைச் சோதித்த பின்னர் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, கிளிக்கு ஒரு விடயத்தை ஒரு தடவை காட்டினால் போதும் என்பதும், மனிதருக்குக் காட்ட ஒரு கிளியும் ஒரு சனிக்கிழமையும் முழங்கால் வலியுள்ள ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையும் தேவைப்படுகிறார்கள் என்பதுமே.