புட் என்றால் போடு

என்னுடைய இங்கிலீஷ் முழுவதும் ஒரே ஒரு சொல்லை நம்பிப் பிழைத்தது. அந்தச் சொல் ‘புட்’. ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த காலத்தில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு “ஒன் மினிட் சார், ஐ வில் புட் யூ த்ரூ” என்று நான் சொன்னால், எதிர்முனையில் கத்திக்கொண்டிருந்தவர்கூடக் குரலை இறக்கிவிடுவார். அதற்கு மேல் ஏதாவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தத் தோரணை மட்டும் ஓய்வு பெற மறுக்கிறது.

‘புட்’ எங்கே வந்தாலும் அங்கே ‘போடு’ என்று வைத்துப் பார்த்தால் பாதி அர்த்தம் தானாக வந்துவிடும் என்பது நானே கண்டுபிடித்த சூத்திரம். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு. புட் ஆன் என்றால் மேலே போட்டுக்கொள். புட் டவுன் என்றால் கீழே போடு. இத்தனை வருஷம் இந்தச் சூத்திரம் என்னைக் கைவிட்டதில்லை. போன சித்திரையில்தான் காலை வாரிவிட்டது.

என் மகன் வேலைக்கென்று அயர்லாந்து போய், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். சேதி கேட்டதும் கொஞ்ச காலம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். எவ்வளவு நாள்தான் தூக்கியே வைத்திருப்பது? இறக்கிவிட்டேன். இப்போது இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை என்று ஆகிவிட்டதால், ராஜபாளையத்தில் மலை தெரிகிற மாதிரி ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு குடிவந்துவிட்டார்கள். வந்த கையோடு மகன் என்னையும் கூப்பிட்டான்.

“அம்மா, நீங்க ஏன் அங்க தனியா கிடக்கீங்க? இங்க வந்திருங்க. கீழ் ரூம் ஒங்களுக்குத்தான்.”

என் கணவர் போன பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். சின்ன வீடுதான். ஆனால் அதன் சாவி என் கைப்பையில் இருக்கும்வரை நான் யாருக்கும் பாரம் இல்லை. மகன் எவ்வளவு தங்கமானவனாக இருந்தாலும் மகன் வீடு மகன் வீடுதான். அதனால் கீழே குடியிருக்கிற வீட்டுக்காரம்மாவிடம், “ஒரு மாசம் இருந்து பாக்கேன். ஒத்து வந்தா காலி பண்ணுதேன், இல்லேன்னா திரும்பி வாரேன்” என்று சொல்லிவிட்டு, இரண்டு பெட்டியோடு ராஜபாளையம் போனேன்.

மருமகளுக்குத் தமிழ் மேல் ஒரு வெறி. எந்நேரமும் அடுக்களை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

“அத்தே, நீங்க எல்லாம் போடுறீங்க.”

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். அன்றைக்கு ஒரு நாளில் மட்டும் நான் கோலம் போட்டேன், காபி போட்டேன், கொடியில் துணி போட்டேன், பால்காரர் தண்ணீரில் பால் ஊற்றியதற்குச் சத்தம் போட்டேன், கரண்டு போனதும் மகனை இன்வெர்ட்டரைப் போடச் சொன்னேன், மத்தியானம் செத்த நேரம் ஒரு தூக்கமும் போட்டேன். இத்தனையும் ஒரே சொல்லா என்று அவள் வாயைப் பிளந்தாள்.

“ஒனக்கு ஒரு புட், எனக்கு ஒரு போடு. அம்புட்டுதான்” என்றேன்.

அன்றிலிருந்து அவளும் போட ஆரம்பித்தாள். குளியல் போட்டேன் என்றாள். சரி என்றேன். பசி போடுது என்றாள். பசி போடாது, எடுக்கும் என்றேன். அன்பு போடலாமா என்று கேட்டாள்.

“சண்டையத்தான் போடணும். அன்ப வைக்கணும்.”

“வைக்கிறதும் புட்தானே அத்தே?”

இதற்கு எக்ஸ்சேஞ்சில் பதில் சொல்லித் தரவில்லை. ஒங்க பாஷையில் சொல்லுக்குப் பஞ்சம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று சமாளித்துவிட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு ராஜபாளையம் நாய் வளர்க்கிறார்கள். பால் வெள்ளை. மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. அந்த வீட்டு அம்மா தெலுங்கு பேசுகிறவர். யார் வாசலுக்குப் போனாலும் “ரண்டி ரண்டி” என்று வரவேற்பார். ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு, நாய் குட்டி போட்டிருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். போனோம். என் மருமகள் ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பேச்சுக்குப் பேச்சு கொடுக்க வேண்டுமே என்று, “எங்க அக்காவும் போன மாசம் குட்டி போட்டா” என்றாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் நாயைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும், “மனுசி பெறுவா. நாய்தான் போடும்” என்று விளக்கினேன். அதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அவள் வெளியே தலை காட்டினால் போதும், “அக்கா குட்டி சொகமா?” என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. சரி, மாடி வீட்டைக் காலி செய்துவிடலாம் என்று மனசுக்குள் முக்கால்வாசி முடிவெடுத்துவிட்டேன்.

மீதிக் கால்வாசியில்தான் வந்தது வினை. ஒரு சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். வழியில் மாடி அறைக் கதவு ஒருச்சாய்த்திருந்தது. மருமகள் தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவர்கள் இரண்டு பேரும் பேசுகிற இங்கிலீஷ் எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி, நம் ஸ்டேஷனில் நிற்காது. நடுவில் ‘அத்தே’ என்று கேட்டது. நின்றேன். ‘ரூம்’ என்று கேட்டது. ‘டவுன்ஸ்டேர்ஸ்’ என்று கேட்டது. பிறகு நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிகிற மாதிரி அவள் சொன்னாள்:

“நோ. ஐ டோன்ட் வான்ட் டு புட் ஹெர் அவுட்.”

என் சூத்திரம் ஒரு நொடியில் வேலை செய்தது. புட் என்றால் போடு. அவுட் என்றால் வெளியே. அவளை வெளியே போட எனக்கு விருப்பமில்லை. ஒருவேளை வேறு அர்த்தம் இருக்குமோ என்றும் பார்த்தேன். எக்ஸ்சேஞ்சில் தீயணைக்கிற சிலிண்டர் மேல் ‘டு புட் அவுட் ஃபயர்’ என்று எழுதியிருக்கும். ஆக, என்னை ஒன்று குப்பை மாதிரி வெளியே போட வேண்டும், இல்லையென்றால் நெருப்பு மாதிரி அணைக்க வேண்டும். இரண்டிலும் எனக்கு மரியாதை இல்லை.

விருப்பமில்லை என்றுதானே சொன்னாள் என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது. சம்பந்தியம்மா கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, கீழ் அறையிலிருந்து மாமியாரைக் கிளப்பு என்கிறாள். இவள் மனமிரங்கி, வேண்டாம், பாவம் என்கிறாள். பெற்ற பிள்ளை வீட்டில் நான் யாரோ பாவம் பார்த்து விட்டுவைத்த ஆளாக இருக்கிறேன்.

மறுநாள் காலையில் பையைத் தூக்கினேன். “வீட்டுக்காரம்மா கூப்பிட்டாங்க, போறேன்” என்றேன். மகன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருந்தான். தலையை ஆட்டினான். அவன்தான் அப்படி, அவன் அப்பா மாதிரி. மருமகள் மட்டும் வாசல் வரை வந்தாள்.

“அத்தே, கோவமா?”

“கோவம் எதுக்கு? ஒன் வீடு. நீ என்ன வேணா போடலாம், யார வேணா போடலாம்.”

போடு பாடம் நடத்துகிறேன் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆயிற்று.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. என் கோபத்துக்கு அந்தத் தூரம் போதவில்லை. வழியெல்லாம் வாயைத் திறக்காமல் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். எல்லாச் சண்டையிலும் நான்தான் ஜெயித்தேன். வீட்டு வாசலில் வீட்டுக்காரம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“என்னக்கா, காலி பண்ணுதியளா, இருக்கியளா? வீடு கேட்டு ஆளு வந்துட்டுப் போவுது.”

“இருக்கேன். எங்கயும் போகல” என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன். கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஃபேனைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். தெம்பு போய் அழுகை வந்தது. அழுதேன். அவளைப் பிடித்துப்போயிருந்ததே, அதனால்தான் அவ்வளவு வலித்தது.

மத்தியானம் கீழே பேச்சுக் குரல். படியேறி வந்தவள் மருமகள். வெயிலில் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. ஒரு கையில் நான் மறந்து வைத்துவிட்டு வந்த பிரஷர் மாத்திரை. இன்னொரு கையில் பஸ் டிக்கெட். வெள்ளைக்காரப் பெண்ணை வேடிக்கை பார்க்க வீட்டுக்காரம்மாவும் கூடவே மேலே வந்துவிட்டார்.

“அத்தே, நானே வந்தேன். தனியா. கண்டக்டர்ட்ட ‘ஸ்ரீவில்லிபுத்தூர் ஒண்ணு போடுங்க’ன்னு சொன்னேன். போட்டாரு.”

டிக்கெட்டை மெடல் மாதிரி நீட்டினாள். கோபத்தை எங்கே வைத்தேன் என்று ஒரு நிமிஷம் தேட வேண்டியதாகிவிட்டது. தேடி எடுத்துக்கொண்டேன்.

“ஏட்டி, உக்காரு. ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லு. என்னைய வெளிய போடச் சொல்லி ஒங்க அம்மா சொன்னாங்களா?”

அவளுக்குப் புரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய ஆபரேட்டர் குரலை எடுத்தேன். “யூ வான்ட் டு புட் மீ அவுட்?”

அவள் விழித்தாள். பிறகு மெதுவாக நினைவு வந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது.

“அது வெளிய இல்ல அத்தே. புட் அவுட்னா... ஒங்களுக்கு கஷ்டம்... நான் குடுக்க வேண்டாம்...” சொல் கிடைக்காமல் கையைப் பிசைந்தாள்.

“தொந்தரவு குடுக்க வேண்டாம்னு சொல்லுது அக்கா” என்றார் வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா.

“ஆமா. தொந்தரவு” என்றாள் அவள்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. அவள் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மகள் குடித்தனம் செய்கிற அழகைப் பார்க்க ஒரு மாதம் வந்து இருக்க ஆசை. மாடி ஏற முடியாது, கீழ் அறை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். அது அத்தை அறை, அவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டேன் என்று இவள் மறுத்துவிட்டாள்.

“அம்மா வரலேன்னு சொல்லிட்டாங்க” என்றாள்.

அவுட் என்று சொல்லிவிட்டு தொந்தரவு என்று அர்த்தம் வைப்பார்களாம். அந்தப் பாஷையின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் அறைக்காக ஒரு பெண் தன்னைப் பெற்றவளையே வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். நான் அவளோடு பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

“போனப் போடு” என்றேன். “ஒங்க அம்மாவுக்கு.”

அவள் போட்டுக் கொடுத்தாள். சம்பந்தியம்மாவின் குரல் தூக்கக் கலக்கத்தோடு வந்தது. வாருங்கள், கீழ் அறையில் தங்குங்கள், நான் மாடிக்குப் போய்க்கொள்கிறேன், மாடிப்படி எனக்குப் பழக்கம்தான் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டினேன். அவர் பதறிப்போய், எனக்குப் புரிய வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“ஓ, நோ. வீ வுடின்ட் வான்ட் டு புட் யூ அவுட்.”

மறுபடியும் அதே சொல். இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன்.

“ப்ளீஸ் மேடம்” என்றேன். “புட் மீ அவுட்.”

அந்தப் பக்கம் கேட்டது சிரிப்பா அழுகையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்தப் பக்கம் மருமகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். வீட்டுக்காரம்மாவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

“என்னக்கா, சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல. வீட்டக் காலி பண்ணுதேன். வாடகைக்குன்னு போர்டு போட்டிருங்க. சாமான எடுக்க பொறவு வாரோம்.”

கிளம்பும்போது கதவைச் சாத்தினேன். மருமகள் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அத்தே, பூட்டு போடுறதா, வைக்கிறதா?”

“போடு” என்றேன்.

போட்டாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை என்னிடம் நீட்டினாள்.

“நீயே வச்சுக்கோ” என்றேன்.